சின்ன வீட்டுக்குப் போகிற வழி

ஒரு காலத்திலே, காலம் என்று பெரிதாக இழுப்பானேன், போன சாரல் சமயத்திலே என்றே வைத்துக்கொள்ளுங்கள், தென்காசி வாய்க்கால் பாலத் தெருவில் ஒரு பெட்டி இருந்ததாம். பெட்டிக்குள்ளே ஒரு கோட்டையாம். கோட்டைக்குள்ளே ரெண்டு ராஜா குடியிருந்தார்களாம், ஒருத்தர் பழையவர், ஒருத்தர் புதியவர். வாசலில் ஒரு காவல்காரன். வருகிறவர்களிடம் எந்த ராஜாவைப் பார்க்கவேண்டும் என்று கேட்பான். கேட்டுவிட்டு விரல் மடக்கி எண்ணுவான். எண்ணி முடிக்கும் மட்டும் பதில் வரவில்லை என்றால், சரி, இது புது ராஜாவைப் பார்க்க வந்த ஆள்தான் என்று கையைப் பிடித்து அங்கே கொண்டு விட்டுவிடுவான். நல்லபடியாக நடந்துகொண்டிருந்த இந்தக் கோட்டையில் ஒரு நாள் காவல்காரனுக்கு வாய் அடைத்துப் போயிற்று. விரல் மடங்குகிறது, எண்ணிக்கை நடக்கிறது, கேள்வி மட்டும் யார் காதிலும் விழவில்லை. யார் வந்தாலும் அரை நிமிஷம் இருட்டில் நிற்பது, அப்புறம் புது ராஜா முன்னால் போய் விழுவது, இதுவே வழக்கமாகிவிட்டது. பழைய ராஜாவை ஒரு வாரமாக ஒருத்தரும் பார்க்கவில்லை.

பெட்டி நாச்சியாருடைய கம்ப்யூட்டர், ராஜாக்கள் அதை ஓட்டுகிற பழைய சாப்ட்வேரும் புது சாப்ட்வேரும். கல்யாணப் பத்திரிகை, கோவில் கொடை நோட்டீஸ், காதுகுத்து அழைப்பு எல்லாம் வீட்டு முன்னறையில் இருந்தபடியே கம்ப்யூட்டரில் வடிவமைத்து அச்சகத்துக்கு அனுப்புகிறவள் அவள். அவளுடைய பழைய தமிழ் எழுத்துகள் பழைய ராஜாவிடம்தான் வேலை செய்யும், புதியவரிடம் கொண்டுபோனால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் கழன்று விழுந்துவிடும். சங்கரன்கோவில்காரர் ஒருத்தருடைய மகள் கல்யாணப் பத்திரிகை பாதியில் நிற்கிறது, சாயங்காலம் அச்சுக்குப் போயாக வேண்டும். பெட்டிக்கு முன்னால் அந்தச் சனிக்கிழமை காலையில் உட்கார்ந்திருந்தவன் அவள் புருஷன் ஆவுடையப்பன். கேபிள் டிவி கண்ட்ரோல் ரூமில் வேலை. காய்ச்சல் என்று சொல்லி மாற்று ஆள் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தான். காய்ச்சல் இல்லை. பெட்டியைச் சரிபார்க்கச் சாலமோன் வருகிறான்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறானாம். பாளையங்கோட்டையில் இருந்து பஸ் ஏறி, சாரலில் நனைந்து, இந்தத் தெருவுக்குள் நுழைந்து, இந்த நிலைப்படியில் செருப்பைக் கழற்றி, இந்த நாற்காலியில், ஆவுடையப்பன் இப்போது உட்கார்ந்திருக்கிற இதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மவுஸின் மேல் கையை வைப்பான். நாச்சியாருடைய உள்ளங்கைச் சூடு மிச்சம் இருக்கும் மவுஸ். அவன் வருவதற்குள் சரி பண்ணிவிட்டால் வரவேண்டாம் என்று சொல்லிவிடலாம். பஸ் ஏறுவதற்கு முன்னால் சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. அதுதான் கணக்கு, வேறொன்றும் இல்லை. ஆவுடையப்பன் பொத்தானை அமுக்கினான். பெட்டிக்குள் காற்றாடி சுழலும் சத்தம் கேட்டது, திரை கறுப்பாக இருந்தது, கறுப்பில் அவன் முகம் தெரிந்தது, காலையில் சவரம் பண்ணியது நினைவுக்கு வந்தது, எதற்காகச் சவரம் பண்ணினோம் என்று கேட்டுக்கொண்டான், யார் பார்க்க, அவன் பார்க்கவா, அவனும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது இவள் பார்க்கவா, அதற்குள் அரை நிமிஷம் ஓடிப் புது ராஜா நீலமாக வந்து சிரித்தார். மறுபடி அணைத்தான். மறுபடி அமுக்கினான். இருட்டு. இந்த இருட்டுக்குள்தான் கேள்வி இருக்கவேண்டும், கேள்விக்கு உள்ள நேரம் ஓடத்தான் செய்கிறது, ஆள் இல்லாத இடத்தில் இலை போட்டு வைத்த மாதிரி. வரவேண்டியது எங்கேயோ போகிறது. எங்கே போகிறது? நேற்று சாயங்காலம் புறவாசலில் துணி காயப்போட்டுக்கொண்டே அவள் போனில் பேசினாள், தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கி, ஒரு கையில் கிளிப்பு. பைக்கை நிறுத்திவிட்டுச் சந்து வழியாக வந்தவன் காதில் விழுந்தது. ஒட்டுக் கேட்கவில்லை, விழுந்தது. "சின்ன வீட்டுக்குப் போகவே முடியல, சாலமோன். கதவே தெறக்க மாட்டேங்கு. நீங்க வந்தாத்தான் ஆவும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவனுக்குத் தெரியாத சிரிப்பு. கல்யாணமாகி இத்தனை நாளில் வீட்டில் இருக்கிற எல்லாச் சிரிப்பையும் அவன் பார்த்துவிட்டதாக நினைத்திருந்தான், பால் பொங்கினால் ஒன்று, அவன் லுங்கி தட்டி விழப்போனால் ஒன்று, அவன் அக்காள் வந்து போனபிறகு ஒன்று. இது எந்தப் பெட்டியில் இருந்தது?

சின்ன வீடு. ஊரில் இந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான், சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பஜார் முக்கு மரக்கடைக்காரருக்கு ஒன்று இருந்தது, செங்கோட்டைப் பக்கம். தெருவே பேசும், அவர் வந்தால் நிறுத்தும், போனால் ஆரம்பிக்கும். ஆனால் அது ஆம்பிளை வைப்பது. பொம்பளை எப்படிச் சொல்வாள் சின்ன வீட்டுக்குப் போக முடியவில்லை என்று? அவளே சின்ன வீடா? யாருக்கு? அப்படியென்றால் பெரிய வீடு எது, நானா, இந்த வாடகை வீடா, இந்த ஒழுகுகிற முன்னறையா? கதவு திறக்க மாட்டேன் என்கிறது என்றாளே, எந்தக் கதவு, நான் வீட்டில் இருப்பதால் திறக்கவில்லையா? அவன் இதைக் கேட்டிருக்கலாம். புறவாசலில் நின்று என்னத்தப் பேசுதன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். கேட்காமல் சந்தோடு திரும்பிப் போய், வாசல் வழியாக, அப்போதுதான் வருகிற மாதிரி செருமிக்கொண்டு வந்தான். அந்தச் செருமலை நினைத்தால் இப்போது கூசியது. சாப்பிடும்போது அவளாகவே சொன்னாள், கம்ப்யூட்டர் திறக்கையில ரெண்டுல எது வேணும்னு கேக்கும்லா, அந்தப் பக்கம் வரவே மாட்டேங்கு, சாலமோனை வரச்சொல்லியிருக்கேன் என்று. சாலமோன். வெறும் சாலமோன். ஒரு அண்ணன் சேர்த்தால் என்ன? பால்காரர் அண்ணாச்சி, கேஸ் சிலிண்டர் போடுகிறவர் அண்ணாச்சி, கொரியர் கொண்டுவருகிற மீசை முளைக்காத பயல்கூட தம்பி, எதிர்வீட்டுத் தாத்தா பெரியப்பா, ஊரில் ஒருத்தரையும் இவள் உறவு ஒட்டாமல் கூப்பிட்டது கிடையாது. இவன் ஒருத்தன்தான் ஒட்டில்லாமல் நிற்கிறான், வாழைத்தண்டு மாதிரி வழவழவென்று, சாலமோன். பேரைச் சொல்லும்போது அவள் உதடு விரிந்து குவிகிறது, சா என்று விரிகிறது, மோ என்று குவிகிறது. ஆவுடையப்பனுடைய பேர் அவள் வாயில் ஒரு நாளும் வந்ததில்லை. வரவும் வராது. ஏங்க, இங்கேருங்க, வெளியாட்களிடம் சொன்னால் அவுக. ரேஷன் கடையில் புருஷன் பேர் கேட்டதற்குக் கார்டைக் காட்டினவள். அதை மரியாதை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தான். பேருக்கு உள்ள ருசி தனக்குக் கிடைக்காமல் வேறொருத்தனுக்குப் போகிறதே என்று நேற்றுச் சாப்பாட்டில்தான் உறைத்தது.

பொத்தான். காற்றாடி. இருட்டு. யூடியூபில் ஒரு ஆள் சொன்னான், பெட்டி எழுந்திருக்கும்போதே டெலிட் சாவியைத் தட்டிக்கொண்டே இருக்கவேண்டும், தட்டினால் பயாஸ் என்கிற அடித்தளப் பக்கம் வரும், ராஜாக்கள் யாரும் எழுந்திருப்பதற்கு முன்னால் பெட்டியே தன் கையால் எழுதி வைத்திருக்கிற பக்கம், எது முதலில், எது பிறகு என்று அங்கேதான் மாற்றவேண்டும் என்று. தட்டினான். டக் டக் டக் டக் என்று மரங்கொத்தி மாதிரித் தட்டினான். கறுப்பு. இந்தத் தடவை அரை நிமிஷம் ஆனபிறகும் புது ராஜா வரவில்லை, ஒரு நிமிஷம் ஆயிற்று, கறுப்பாகவே நின்றது, கெடுத்துவிட்டோமோ என்று தோன்றியது. அவன் வந்து பார்த்து, யாரு கைய வச்சது என்று கேட்டால்? இவள் என்னைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் தாழ்த்துவாள், எங்க வீட்டுல அவுகதான் என்பாள், ரெண்டு பேரும் ஒன்றும் சொல்லாமல் இருப்பார்கள், சொல்லாமல் இருப்பது ரெண்டு பேருக்கும் சேர்ந்து தெரிந்திருக்கும். அதைவிட அவர்கள் சிரித்துவிட்டால் தேவலை. அணைத்தான். அந்த அட்டையும் அவன் போட்டதுதானே. பெட்டியின் முதுகில், நல்ல கலர் தெரியவேண்டும் என்று தனியாக ஒரு கிராபிக்ஸ் அட்டை சொருகியிருக்கிறது, இந்தத் திரையின் வயர் அந்த அட்டையில்தான் மாட்டியிருக்கிறது, கல்யாணத்துக்கு முன்னாலேயே சொருகிக் கொடுத்தது சாலமோன். அவனும் நாச்சியாரும் பாளையங்கோட்டையில் ஒரே டிடிபி ஆபீசில் இருந்தவர்கள். கல்யாணச் சீர் என்று பீரோவும் கட்டிலும் அண்டாவும் வந்த லாரியில், போர்வை சுற்றி, அவள் மடியில் வைத்துக் கொண்டுவந்தது இந்தப் பெட்டி. மடியில். அன்றைக்கு அவனுக்கு அது வேடிக்கையாகத் தெரிந்தது, எல்லாரும் சாமி படத்தை மடியில் வைத்து வருவார்கள் என்று கேலி பண்ணினான்கூட. எத்தனை முட்டாள், ஒருத்தன் கைபட்ட பொருளை மடியில் வைத்துக் கொண்டுவருகிறாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து அண்டா உருளாமல் பிடித்துக்கொண்டு வருகிறேன். அவன் எப்படி இருப்பான்? பார்த்ததில்லை. உயரமாக இருப்பான். சட்டையை மேலே மடித்துவிட்டிருப்பான். விரல் நீளம். விரல் நீளமாக இருக்கிறவன்தான் கீபோர்டு பார்க்காமல் தட்டுவான். ஆவுடையப்பன் தன் விரல்களைப் பார்த்தான், கேபிள் வயர் சீவிச் சீவிக் கட்டைவிரல் நகத்தில் ஒரு வெட்டு நிரந்தரமாக நின்றுவிட்டது. பொத்தானை அமுக்கினான், இருட்டு, புது ராஜா. அமுக்கினான், இருட்டு, புது ராஜா. கோவில் பிரகாரம் சுற்றுகிற மாதிரிச் சுற்றினான், ஒவ்வொரு சுற்றிலும் அதே தூண், அதே சொல், அதே சிரிப்பு.

நாச்சியார் காப்பி கொண்டுவந்து கீபோர்டுக்குத் தள்ளி வைத்தாள். கேபிள் ஆபீசுக்குப் போகாமல் என்ன இது என்று கேட்கவில்லை, நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், சுடலயே என்றாள். அவள் கை ஈரமாக இருந்தது, மல்லி அரைத்த வாசனை. இப்போது கேட்டுவிடலாம் என்று தோன்றியது. நெற்றியில் கை இருக்கும்போது கேட்டால் பொய் சொல்லமாட்டாள். அவன் வாயைத் திறந்தான். வந்தது வேறு. "அவன் இன்னும் பஸ் ஏறலையா?" என்று கேட்டான். அவன் என்றதும் அவள் கையை எடுத்தாள், எடுத்தது அதற்காகவா, அடுப்பில் எதுவும் வைத்திருக்கிறாளா என்று தெரியவில்லை. ஏறியாச்சாம், கடையம் தாண்டியாச்சாம், நீங்க விடுங்க, அவரு வந்து பாக்கட்டும் என்றாள். அவரு. இந்த ரு விகுதியில் ஒரு குளிர்ச்சி இருக்கிறதா இல்லையா? கடையம் தாண்டியாச்சு என்றால் போன் பண்ணியிருக்கிறான், அல்லது இவள் பண்ணியிருக்கிறாள், எப்போது, நான் டெலிட் தட்டிக்கொண்டிருந்தபோதா, அந்த டக் டக் சத்தத்துக்கு அடியிலா? அவள் ஹாலுக்குப் போய்விட்டாள். ஹாலில் இஸ்திரி போட வேண்டிய துணி கிடந்தது, இஸ்திரி போடும்போது அவளுக்குப் பாட்டு ஓடவேண்டும், டிவியில் பாட்டு. அந்த டிவிக்கும் இந்தப் பெட்டிக்கும் நடுவில் சுவரில் ஓட்டை போட்டு ஒரு வயர் இழுத்திருந்தான் ஆவுடையப்பன், போன வாரம், லீவு நாளில். பகல் முழுக்க அவள் முன்னறையில் இருக்கிறாள், அவன் ஹாலில் இருக்கிறான், ராத்திரி சாப்பிட்டபிறகாவது பெட்டியில் இருக்கிற படத்தைப் பெரிய டிவியில் ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போமே என்று. பெட்டியின் முதுகில் அட்டைக்கு மேலே, பெட்டியோடு கூடப் பிறந்த ஒரு ஓட்டை சும்மா கிடந்தது, அதில் சொருகினான். துளை போட்ட சிமெண்டுத் தூசியை அவளே பெருக்கினாள். எங்க வீட்டுல அவுக வயர் இழுத்தா ஊருக்கே படம் வரும் என்று அடுத்த வீட்டில் சொன்னாளாம். அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த மாதிரி ஒரு சந்தோஷத்துக்கு மேலே உட்கார்ந்துகொண்டு இவள் எப்படி, மனுஷி எப்படி ஒரே வாயால்,

அணைத்தான். அமுக்கினான். இருட்டு.

"இங்கேருங்க," என்று ஹாலில் இருந்து நாச்சியார் கூப்பிட்டாள், "இங்க வாங்க சீக்கிரம். சின்ன வீடு இங்கன இருக்கு."

ஆவுடையப்பனுக்குக் காதுக்குள் ஒரு சத்தம் நின்று போயிற்று. வந்துவிட்டான். பின்வாசல் வழியாக வந்திருக்கிறான். அல்லது இவள் சொல்லிவிட்டாள், மறைக்க முடியாமல் சொல்லியே விட்டாள், அதுவும் இப்படி, பாட்டுப் பாடுகிற குரலில், இஸ்திரிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு. எழுந்திருக்கும்போது நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. நாலு எட்டில் ஹால். ஹாலில் யாரும் இல்லை. நாச்சியார் ரிமோட்டோடு நின்றாள், டிவி பெட்டி பாட்டு வரும் வழியை விட்டு வேறு வழிக்கு, அவன் இழுத்த வயரின் வழிக்கு, மாறியிருந்தது, மாற்றும்போது தவறி மாற்றியிருக்கிறாள், டிவியில் கறுப்பில் வெள்ளையாக இங்கிலீஷ் எழுத்தில் ரெண்டே ரெண்டு வரி நின்றது. மேலே பெரிய வீடு. கீழே சின்ன வீடு. அடியில் ஒரு எண் குறைந்துகொண்டே வந்தது, காவல்காரன் விரல் மடக்குகிற மாதிரி. ஒரு வாரமாக அவன் கேள்வி கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். பக்கத்து அறையில், அணைத்து வைத்த டிவியைப் பார்த்து.

"இதுதாம்லா நான் சொன்னது. எங்கன வந்து நிக்கி பாருங்க."

எண் தீர்ந்து டிவியில் நீலம் வந்தது. ஆவுடையப்பன் சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தான். அவள் சொல்லிக்கொண்டே போனாள், சட்டையின் காலரில் இஸ்திரியை ஓட்டியபடி. பழைய பக்கத்துக்கு இடம் கொஞ்சமாகத்தான் ஒதுக்க முடிந்ததாம், புதுப் பக்கத்துக்கு நிறைய, சாலமோன் பேர் வைக்கும்போது விளையாட்டாக இப்படி வைத்தானாம், தமிழில் வைத்துப் பார்த்தானாம், எழுத்து சிதறிப் போனதால் இங்கிலீஷில் அடித்தானாம், ஆபீசில் அத்தனை பேரும் அன்றைக்கு முழுக்கச் சிரித்தார்களாம். தினம் காலையில் சின்ன வீட்டுக்குப் போயாச்சா என்று கேட்பார்களாம். உங்களிடம் எப்படிச் சொல்ல என்று வெட்கமாக இருந்ததால் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்றே சொல்லிக்கொண்டிருந்தாளாம். நெஞ்சில் இருந்து ஒரு கல் இறங்கியது, இறங்கினதும் அந்த இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது, அளவில் சின்னது, முனை கூர்மையானது. அத்தனை பேரும் சிரித்தார்கள். அவன் இல்லாத ஒரு அறையில், அவன் இல்லாத ஒரு வருஷத்தில், இவள் தலையைச் சாய்த்துச் சிரித்தாள், அந்தச் சிரிப்பைத்தான் நேற்றுப் புறவாசலில் எடுத்து உதறிக் காயப்போட்டாள். தப்பாக ஒன்று இருந்திருந்தால் சண்டை போடலாம். ஒரு கேலியோடு எப்படிச் சண்டை போடுவது, எந்தப் பக்கம் பிடிப்பது? "ஊர்ல எவன் படம் வரலன்னாலும் டிவி எந்த மோடுல இருக்குன்னுதான மொதல்ல கேப்பீய," என்றாள் அவள், "ஒங்க வீட்டுக்குக் கேக்கலையா?" அவன் சிரித்தான். சிரிப்பு வந்தது, அதுதான் ஆச்சரியம்.

புரிந்துவிட்டது அவனுக்கு, வயர் வேலைக்காரன்தானே. பெட்டிக்கு இப்போது ரெண்டு முகம். எழுந்திருக்கும்போது முதலில் கூடப் பிறந்த ஓட்டையில் ஆள் இருக்கிறதா என்று பார்க்கிறது, டிவி இருக்கிறது, கேள்வியையும் அடித்தளப் பக்கத்தையும் அங்கே அனுப்பிவிடுகிறது. ராஜா எழுந்தபிறகுதான் சாலமோனுடைய அட்டைக்கே உயிர் வருகிறது. டெலிட் தட்டினபோதெல்லாம் பக்கம் வந்திருக்கிறது, அவன் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான், விளக்கில்லாத அறையில் உட்கார்ந்துகொண்டு அறையைக் காணோம் என்று தேடியிருக்கிறான். தன் வயரைப் பிடுங்கிவிட்டால் ஒரு நொடியில் சரியாகிவிடும். அதைச் செய்ய மனசு வரவில்லை. கீபோர்டு முன்னறையில், படம் ஹாலில். அவன் அங்கே தட்டவேண்டும், அவள் இங்கே நின்று வாசிக்கவேண்டும். முன்னறைக்குப் போய், விழுந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்து, பெட்டியை அணைத்து எழுப்பி டெலிட்டைத் தட்டினான். "சாம்பல் கலர்ல ஒரு பக்கம் வந்துட்டு," என்று சுவருக்கு அந்தப் பக்கம் குரல் வந்தது. வலது அம்பு. இன்னும் ஒண்ணு. கீழ. கீழ. அய்ய, தாண்டிட்டீய, மேல. கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு அவளுடைய குரலைப் பிடித்தே நடந்தான், கண்ணைக் கட்டிவிட்டுக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிற மாதிரி. நில்லுங்க என்றால் நின்றான். இவ்வளவு சொல் சொல்லி அவள் அவனோடு பேசி நாளாயிற்று, நாளாயிற்று என்பதே இப்போதுதான் தெரிந்தது. பிரைமரி டிஸ்ப்ளே என்று ஒரு வரி இருப்பதாகச் சொன்னாள், முதல் திரை எது என்று கேட்கிறது போல, எதிரே ஆட்டோ என்று இருக்கிறது. என்டர் தட்டினால் மூன்று பேர் நிற்கிறார்கள், ஆட்டோ, ஆன்போர்டு, கடைசியில் பிசிஐ. ஆட்டோ என்றால் பெட்டியின் இஷ்டம். ஆன்போர்டு என்றால் கூடப் பிறந்தது, அவன் வயர் இழுத்தது. பிசிஐ என்றால் வெளியே இருந்து வந்து சொருகிக்கொண்டது. அவள் மேஜையில் கேள்வி வரவேண்டும் என்றால் வெளியே இருந்து வந்தவனைத்தான் முதல் ஆளாக்கவேண்டும், அதுவும் தன் விரலால். ஆவுடையப்பன் அம்புச் சாவியின் மேல் விரலை வைத்துக்கொண்டு இருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் அவளும் காத்திருந்தாள். ஆட்டோவிலேயே விட்டுவிட்டு, இந்தப் பெட்டிக்கு இது முடியாது என்று சொல்லிவிடலாம், அவளுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும், வருகிறவனுக்கு, பார்த்த உடனே தெரியும். அப்புறம் சங்கரன்கோவில்காரர் பத்திரிகை, அந்தப் பெண்ணின் பேர் கொம்பும் காலும் கழன்று. "என்னங்க, தூங்கிட்டீயளா?" கீழே. கீழே. என்டர். சேமிக்கவா என்று கேட்கிறது என்றாள். ஆமா என்று தட்டினான். ஹாலில் டிவி இருண்டது, அவள் இஸ்திரியை நிறுத்தி வைத்துவிட்டு ஓடிவந்தாள், அவன் தோளுக்கு மேலே குனிந்தாள். அவள் மேஜைத் திரையில், ஒரு வாரத்துக்குப் பிறகு, பெரிய வீடு, சின்ன வீடு.

வாசலில் யாரோ சார் என்று கூப்பிட்டார்கள்.

சாலமோன் உயரம் இல்லை. மழைக்கோட்டின் முனையில் இருந்து தண்ணீர் சொட்டியது, பையைப் பாலிதீனில் சுற்றியிருந்தான், முன்மண்டையில் முடி குறைந்து கண்ணாடியில் சாரல் படிந்து, எதிரே இருப்பது யார் என்றே தெரியாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான். அழகன் என்றால் கண் செய்த வேலை என்று விட்டுவிடலாம், இவன் சாதாரணமாக இருக்கிறான், அப்படியானால் பேச்சுத்தான், பேச்சில்தான் ஏதோ இருந்திருக்கவேண்டும், அதை எங்கே போய்ப் பார்ப்பது? துண்டு கொடுத்தான். காப்பி வந்தது. ஆவுடையப்பன் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தான். இவன் தன்னை மச்சான் என்று கூப்பிட்டுவிட்டால் அவள் தங்கையாகிவிடுவாள், கதை முடிந்தது. அண்ணாச்சி என்றால் மதினி, அதில் கேலிக்கு இடம் உண்டு, ஆனாலும் முறை முறைதான். காப்பியை ஆற்றிக்கொண்டே சாலமோன் நிமிர்ந்தான். "சின்ன வீடு வந்துட்டா சார்?" என்றான். சார். யாரையும் யாருக்கும் ஒன்றும் ஆக்காத சொல். "வந்துட்டு," என்றான் ஆவுடையப்பன், "ஹால்ல இருந்திச்சு." மூன்று பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள் அவனும் இருந்தான், உள்ளே நின்றுகொண்டே அவள் முகத்தைப் பார்த்தான், அதே சிரிப்பா, புறவாசல் சிரிப்பா என்று. தெரியவில்லை. சிரிக்கும்போது பார்க்க முடிவதில்லை. சாலமோன் பெட்டியின் முதுகைக் குனிந்து பார்த்து, சுவர் ஓட்டையைப் பார்த்து, நீங்க இழுத்ததா சார், வளைவு இல்லாம நீட்டா இருக்கு என்றான். நாற்காலியில் உட்காரவில்லை. மவுஸைத் தொடவில்லை. இதற்குத்தானே காலையில் இருந்து பாடுபட்டது, இப்போது பார்த்தால் பஸ் ஏறி நனைந்து வந்தவனைச் சும்மா திருப்பி அனுப்புவது போல ஆவுடையப்பனுக்கே ஒரு மாதிரி இருந்தது. சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றான். தங்கச்சி வீட்டுக்குப் போகணும், கீழப்புலியூர்ல, அங்க சமைச்சிருப்பாக என்றான் சாலமோன். பேரை மாற்றிவிட்டுப் போங்கள் என்று ஆவுடையப்பனுக்கு நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் தன்னை அவிழ்த்துக் காட்டின மாதிரி ஆகும். சொல்லாவிட்டால் தினம் காலையில், அவள் பல் தேய்த்து முகம் துடைத்து வந்து உட்கார்ந்ததும் முதல் சொல்லாக அவனுடைய கேலி வந்து நிற்கும், நான் கேபிள் ஆபீசில் இருப்பேன். விழுங்கினான்.

சாலமோன் செருப்பை மாட்டும்போது நாச்சியார் நிலைப்படிக்கு வந்தாள். "அந்தப் பேர மாத்தணும்னா என்ன அடிக்கணும்னு சொல்லிட்டுப் போங்க, சாலமோன்."

"ஏன், நல்லாத்தான இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. மாத்தணும்."

சாலமோன் அவளைப் பார்த்தான், ஆவுடையப்பனைப் பார்த்தான், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டான். ஒரு வரி சொன்னான், அவள் உதட்டுக்குள் திருப்பிச் சொல்லி மனசில் போட்டுக்கொண்டாள். தலையை ஆட்டிவிட்டு இறங்கினான், சாரலில் வாய்க்கால் பாலம் வரை மழைக்கோட்டு தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை. அவள் உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, கீபோர்டைப் பார்க்காமல் தட்டினாள், அவளும் பார்க்காமல்தான் தட்டுகிறாள், இத்தனை நாள் கவனிக்கவில்லை. பெட்டியை அணைத்து எழுப்பினாள். என்ன பேர் வைத்தாய் என்று அவன் கேட்கவில்லை. குக்கர் சத்தம் போட்டது. எழுந்தாள், எழுந்திருக்கும்போது அவன் தோளில் ஒரு விரலால் தட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். கறுப்பில் வெள்ளை எழுத்து வந்தது. மேல் வரியில் ஏ, வி, யூ, ஜி, ஏ. எழுத்துக் கூட்டினான். அவுக. மறுபடி கூட்டினான். ரேஷன் கடையில் வராதது, பத்து வீட்டுப் பொம்பளைகளிடம் பேசும்போது மட்டும் வருவது, அவன் முகத்துக்கு நேரே ஒரு நாளும் வராதது. கீழ் வரியில் பழசு. பழசு என்றால் பழைய எழுத்து, பழைய பக்கம், பழைய ராஜா, வேறு என்ன. அது இருந்தாக வேண்டும், பத்திரிகை அங்கேதான் இருக்கிறது. எதனால் பழசு, யாருடைய பழசு, பழசு என்று எழுதும்போது அவள் மனசில் எது வந்தது என்று கல்லின் முனை மறுபடி ஒரு தடவை நெஞ்சில் திரும்பிப் பார்த்தது. அடியில் எண் குறைந்துகொண்டிருந்தது. ஒன்றும் அமுக்காவிட்டால் எங்கே போகும் என்று அவனுக்குத் தெரியும், மேல் வரிக்குத்தான், காலையில் இருந்து அத்தனை தடவை பார்த்தாயிற்று. இருந்து பார்த்து, போய்ச் சேர்ந்தபிறகு எழுந்திருக்கலாம் என்று நினைத்தான். கை அம்புச் சாவிப் பக்கம் போயிற்று. அடுப்படியில் இருந்து, இலை அறுத்துட்டு வாங்க என்று குரல் வந்தது. ஆவுடையப்பன் கையை எடுத்தான். எண்ணிக்கை முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. அவன் எழுந்து, திரையைத் திரும்பிப் பார்க்காமல், புறவாசல் வாழையைப் பார்க்க நடந்தான்.